கருந்துளைக்குக் கதவு கிடையாது

என் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "அவளைப் பத்தியா? ரெண்டு வரியில முடிஞ்சிடுமே" என்று சிரித்தான். அவன் பேருந்து ஓட்டுநர். வண்டி டீசலில் ஓடுகிறதா, இவன் வாயால் ஓடுகிறதா என்று பயணிகளுக்கே சந்தேகம் உண்டு. அந்த வீட்டுக்கென்று இருந்த பேச்சு மொத்தத்தையும் அவன் ஒருவனே எடுத்துக்கொண்டதால் அண்ணிக்கு மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு.

அண்ணி அறிவியல் காட்சிக்கூடத்தில் ஃபிட்டர். நான் அதே கூடத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாக இருந்தால் வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டியிருப்பேன்.

கூடத்தின் இரண்டாவது அறையில் கருந்துளை இருக்கிறது. பயப்பட வேண்டாம், கறுப்பு ஃபைபரில் செய்த ராட்சதப் புனல்தான் அது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் சுற்றி நிற்கலாம். விளிம்பில் ஒரு இரும்புக் குண்டை உருட்டிவிட்டால் சாவகாசமாகச் சுற்ற ஆரம்பிக்கும். போகப் போக வட்டம் குறுகும், வேகம் கூடும், கடைசியில் சர்ரென்று ஒரு சத்தத்தோடு நடுத் துவாரத்தில் மறையும். பக்கத்தில் ஒரு பலகை: "இதற்குள் போனது எதுவும் திரும்பி வராது."

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். கூடத்துக்காரர்கள் புனல் செய்யச் சொல்லி அங்கேதான் வந்தார்கள். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் ஒரு தொட்டி அச்சைக் கவிழ்த்துப் போட்டு அறுத்து, தேய்த்து, வளைத்து இதைச் செய்து முடித்தார். பொருத்திக் கொடுக்க வந்தவர், பொருத்திவிட்டுப் போகவே இல்லை. "உங்க அண்ணி கருந்துளையில விழுந்தவதானே, எப்படித் திரும்பி வருவா?" என்று அண்ணன் தன் பேருந்தில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

ஆரம்பத்தில் புனலுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளி. விழுந்த குண்டுகளை எடுத்து மறுபடி மேலே வைப்பதற்கு அது வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு வாண்டு தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து, "இங்க கதவு இருக்கு! எல்லாம் வாளியில கிடக்கு!" என்று கத்தியது. அறையே கொல்லென்று சிரித்தது. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. திருடியதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல் நின்றார்.

அடுத்த விடுமுறை நாளில் அந்தக் கதவு போன இடம் தெரியவில்லை. அண்ணி தகடு வைத்து அடைத்து, தரையைத் துளைத்து ஒரு குழாயை இறக்கியிருந்தார். குழாய் நேராக அடித்தளத்தில் இருக்கும் அவருடைய வேலையறைக்குப் போகிறது. அந்த அறையின் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும். அதோடு விட்டாரா என்றால், இல்லை. நேற்று விழுந்த குண்டு இன்றைக்கு மேலே வந்துவிட்டது என்று எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அதற்காகக் குண்டுகளுக்கு மாற்றி மாற்றிப் பூச்சு அடித்தார். நீலமாக விழுந்தது சிவப்பாக வரும், சிவப்பாக விழுந்தது மஞ்சளாக வரும். ஒரு கூடை மேலே உருளும்போது இன்னொரு கூடை கீழே காய்ந்துகொண்டிருக்கும்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு மெனக்கெடல்? இரும்புக் குண்டுதானே?" என்று கேட்டேன்.

"பலகையில எழுதியிருக்குல்ல, தம்பி" என்றார். எழுதியிருந்தால் அது நடந்தாக வேண்டும், அவ்வளவுதான் அண்ணி.

அன்றிலிருந்து கருந்துளைக்குக் கதவு கிடையாது. பிள்ளைகள் குண்டை மட்டுமா உருட்டும்? கிளிப், பொத்தான், சில்லறை, கையில் இருப்பது எல்லாம் உள்ளே போகும். போனபிறகு ஊரைக் கூட்டி அழும். பெற்றவர்கள் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். அண்ணி பலகையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். "கல் நெஞ்சுக்காரி" என்று ஒரு தாத்தா திட்டியதைக் காதால் கேட்டேன். எனக்கும் அதில் பாதி சம்மதம்தான்.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தொலைந்த பொருள் அலமாரி. அதற்கும் நான்தான் அதிபதி. அடையாளம் சொன்னால்தான் பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதில் நான் கறார். சீப்பு என்றால் எத்தனை பல் உடைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அலமாரிக்குப் பொருள் கொண்டுவருவது பெரும்பாலும் பெருக்குகிற பெரியவர். "டிக்கெட் தம்பி, இது பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சு" என்று நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரும். இந்த ஊர்க்காரர்களுக்குப் பெஞ்சுக்கு அடியில் பொருளை விடுவதில் அப்படி ஒரு திறமை. அந்தப் பெஞ்சுக்கு வேறு எப்போதும் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள் போல, பொருள் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு பொட்டுப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். நான் துணியால் சுத்தமாகத் துடைத்துத்தான் கொடுப்பேன்.

ஒரு தடவை ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி தன் கிளிப்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "அங்கிள், இது கருந்துளைக்குள்ள விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

"விழுந்திருந்தா எப்படிம்மா என்கிட்ட வரும்? பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சு."

"அப்போ வேற பக்கமா வெளிய வந்திருக்கும்" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் அம்மாவும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

இனி என் கதை. காட்சிக்கூடத்தின் முற்றத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அரைச்சர்க்கரை, அது அவளுக்கும் தெரியும். யார் போனாலும், "அரைச் சர்க்கரையா, முழுச் சர்க்கரையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையையே எடுப்பாள். கேட்கும்போது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். அந்தப் புருவத்துக்காகவே மூன்று வருடமாகத் தேவைக்கு மேல் தேநீர் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிறவன், அவள் முன்னால் போனால் "அரை" என்கிற ஒரே சொல்லோடு திரும்பி வருவேன். என் வயது நாற்பதைத் தொடப் போகிறது.

இந்த விஷயம் அண்ணி ஒருவருக்குத்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய ரகசியமும் அண்ணியிடம்தான் போய்ச் சேரும், ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. நான் சொன்னதற்கும் "ம்" என்றார். மூன்று வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு "ம்" மட்டும்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, தேநீரை ஆற்றிக்கொண்டே அரைச்சர்க்கரை சொன்னாள். "டிக்கெட் சார், இந்த வாரத்தோட சரி. பக்கத்து ஊர் ரயில் நிலையத்துல கடை கிடைச்சிருக்கு. சனிக்கிழமை கிளம்பறேன். இங்க என்ன, யாரும் முழுசா ஒரு வார்த்தைகூடப் பேசறதில்ல."

தேநீரைக்கூட வாங்காமல் கிளம்பினேன். நேராக நகைக்கடைக்குப் போய் ஒரு மெல்லிய மோதிரம் வாங்கினேன். உள்பக்கம் பெயர் பொறிக்க வேண்டும் என்றேன். சொன்ன பெயரைக் கேட்டு ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரைச் சர்க்கரையா? இது பேரா, இல்ல பண்டமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எழுத்துகளைப் பொடிப்பொடியாகச் செதுக்கி ஒருவழியாக உள்ளே அடக்கிவிட்டார்.

வெறுங்கையோடு போனால் வாய் வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அவளைக் கருந்துளைக்குக் கூட்டிப்போய், மோதிரத்தை விளிம்பில் உருட்டிவிட்டு, "மூணு வருஷமா நானும் இப்படித்தாங்க சுத்திக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, அது உள்ளே விழுவதற்குள் லாவகமாகப் பிடித்து நீட்ட வேண்டும். பேச வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மீதியைக் கருந்துளை பார்த்துக்கொள்ளும். காட்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் தோன்றாது.

செவ்வாய்க்கிழமை காலை, கூடம் திறப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கப் போனேன். மோதிரத்தை நிமிர்த்தி உருட்டினேன். பிரமாதமாகச் சுற்றியது. "மூணு வருஷமா நானும்..." என்று காற்றைப் பார்த்துக் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உருக்கம் கூடிவிட்டது. கையை நீட்டும்போது மோதிரம் கடைசி வளைவில் இருந்தது. சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். திரும்பினால் வாசலில் அண்ணி, கையில் எண்ணெய்க் குவளையோடு.

"அண்ணி, கீழ் ரூம் சாவி."

"எதுக்கு?"

"என் மோதிரம் விழுந்துடுச்சு."

"விழுந்தது விழுந்ததுதான், தம்பி."

"அண்ணி! நான் உங்க கொழுந்தன்!"

"கருந்துளைக்குச் சொந்தம் பந்தம் எல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஊசலுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னாலேயே போய், இதெல்லாம் ஒரு நியாயமா, நீங்களெல்லாம் ஒரு மனுஷியா, ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதற்கு இவ்வளவு ஜம்பமா என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அண்ணி ஊசலை ஆட்டிப் பார்த்தார், சத்தம் வரவில்லை என்று திருப்திப்பட்டார், குவளையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில், "எதுக்கு மோதிரம்?" என்று கேட்டார். சொல்லாமலே தெரியும் அவருக்கு.

புதன்கிழமைகளில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மேடம் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல வருவார். அண்ணி மதிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவரைக் கொண்டு சிபாரிசு செய்யலாம் என்று நினைத்து, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "மேடம், கருந்துளைக்குள்ள உண்மையிலேயே என்னதான் இருக்கு?"

"தெரியாது!" என்றார் மேடம். தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பெரிய கருந்துளையா இருந்தா, எல்லையைத் தாண்டினதே உங்களுக்குத் தெரியாது. அங்க சுவரும் இல்ல, கோடும் இல்ல. ஆனா தாண்டிட்டா வெளிச்சமே வெளிய வர முடியாது, நீங்க எம்மாத்திரம்? நாளைங்கிறது வராம இருக்க உங்களால தடுக்க முடியுமா? முடியாதில்ல? உள்ள போனவங்களுக்கு நடுமையம் அந்த மாதிரி. அது ஒரு இடம் இல்ல, வந்தே தீரப்போற நாள்."

"அந்த நடுவுல?"

"கணக்குப்படி எல்லாம் ஒரே புள்ளியா நசுங்கிடும். கணக்கு அப்படிச் சொன்னா, எனக்கு இதுக்கு மேல தெரியாதுன்னு கையை விரிக்குதுன்னு அர்த்தம். வேற எங்கயோ போக வழி இருக்கலாம்னுகூடச் சிலர் சொல்றாங்க. போயிட்டு வந்து சொன்னவங்கதான் யாரும் இல்ல."

"விழுந்தது திரும்பி வரவே வராதா, மேடம்?" என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"அதுதான் பெரிய சண்டையே! கருந்துளையிலிருந்து மெல்லிசா ஒரு சூடு கசியும்னு ஒரு கணக்கு இருக்கு. உள்ள போனதோட அடையாளம் அந்தக் கசிவுல கலந்து வெளிய வருதா, இல்ல அடியோட அழிஞ்சு போயிடுதான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. எனக்கு என்னமோ வரும்னுதான் தோணுது. ஆனா எது எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாத மாதிரிதான் வரும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"பிரபஞ்சத்தோட வயசு பத்தாது."

"எனக்குச் சனிக்கிழமைக்குள்ள வேணும்" என்றேன். மேடம் நான் ஏதோ ஜோக் அடித்ததாக நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வியாழன் போனது. வெள்ளியும் வந்துவிட்டது. தேநீர் குடிக்கக்கூடப் போகவில்லை. போனால் அவள் புருவத்தைத் தூக்குவாள், நான் "அரை" என்பேன், பிறகு அவள் ரயில் நிலையத்தில் யார் யாருக்கோ புருவத்தைத் தூக்கிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு முறை அழுகைகூட வந்தது.

மத்தியானம் ஜன்னலில் நிழல் தட்டியது. "வரிசையில வாங்க" என்று நிமிராமலே எரிந்து விழுந்தேன்.

"டிக்கெட்டுக்கு வரலை, சார். தொலைஞ்ச பொருள் குடுக்க வந்தேன்."

அரைச்சர்க்கரை. மூடிய கையை ஜன்னல் பலகையில் வைத்திருந்தாள்.

"உங்க அண்ணி குடுத்தாங்க. பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சாம். டிக்கெட் ஜன்னல்ல நீயே கொண்டுபோய்க் குடுத்துடுன்னாங்க."

கையைத் திறந்தாள். மோதிரம். அதன் ஓரத்தில் பொட்டாக ஒரு துளி சிவப்புப் பெயிண்ட்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். சீப்பு, கிளிப், பொத்தான், ஒரு ஒற்றைக் காலுறை. இத்தனை வருடமாக நான் துடைத்துத் துடைத்துக் கொடுத்த நீலப் பொட்டும் மஞ்சள் பொட்டும் சிவப்புப் பொட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்தப் பெஞ்சுக்கு யாரும் பெயிண்ட் அடித்ததே இல்லை. அண்ணியின் குழாய் வாய்க்கு நேர் கீழேதான் குண்டுகள் காய்கிற தட்டு இருந்திருக்க வேண்டும். பிள்ளை மேலே அழ ஆரம்பித்ததும் பலகையைக் காட்டிவிட்டு அண்ணி எங்கே போவார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இது... என்னோடது" என்றேன்.

"அப்படியா?" அந்தப் புருவம் மேலே ஏறியது. "அடையாளம் சொன்னாத்தான் குடுக்கணும்னு நீங்கதானே எல்லாரையும் பாடாப் படுத்துவீங்க. சொல்லுங்க, உள்ள என்ன இருக்கு?"

வரிசையில் ஒரு பள்ளிக்கூடமே நின்றுகொண்டிருந்தது. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மோதிரத்தை என் கையில் கொடுத்திருந்தால் நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ரயிலை வேடிக்கை பார்த்திருப்பேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

"அரைச் சர்க்கரை" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கேக்கலை."

"அரைச் சர்க்கரைன்னு எழுதியிருக்கு! உங்களுக்காகத்தான் வாங்கினேன். மூணு வருஷமா உங்களையே சுத்திச் சுத்தி வரேன். போகாதீங்க!" என்று கத்தினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பள்ளிக்கூடமே எட்டிப் பார்த்தது.

அவள் மோதிரத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அடையாளம் சரியாத்தான் இருக்கு. ஆனா பொருள் உங்களோடது இல்லையே, சார். என் பேர்தானே போட்டிருக்கு?" என்று சொல்லித் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டாள். "ரயில் நிலையத்துக்காரங்களுக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லணும். சாயந்தரம் வாங்க, முழுச் சர்க்கரை போட்டுத் தரேன்."

ஆசிரியை முதல் ஆளாகக் கை தட்டினார்.

ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்தளத்துக்கு ஓடினேன். கதவு சாத்தியிருக்கவில்லை. கூரையிலிருந்து குழாய் இறங்கியது. அதற்கு நேர் கீழே தட்டு, தட்டு நிறையச் சிவப்புக் குண்டுகள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அண்ணி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு உங்களை ரொம்பப் பேசிட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"மோதிரம் வந்துடுச்சு."

"பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சாமே" என்றார்.

"பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாமே, அண்ணி? எல்லாரும் உங்களைக் கல் நெஞ்சுக்காரின்னு பேசறாங்க."

அண்ணி தூரிகையை உதறினார். "உள்ள போனா வராதுன்னு அதுங்க தெரிஞ்சுக்கணும். அதுக்காக அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகணுமா என்ன?" அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்போது மேலே எங்கோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. குழாயில் கலகலவென்று ஏதோ உருண்டு வந்து குண்டுகளுக்கு நடுவில் விழுந்தது. பார்த்தால் ஒரு தேய்ந்த பம்பரம். அண்ணி அதை எடுத்து என் கையில் வைத்தார். "பெரியவர்கிட்ட குடுத்துடு, தம்பி. சீக்கிரம்."

பெரியவரைத் தேட நேரமில்லை. நானே ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். பம்பரத்துக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். ஆணி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீட்டியதும் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"இது உள்ள விழுந்துச்சு, அங்கிள். நான் பார்த்தேன்."

"பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சுப்பா" என்றேன்.

சிவப்புப் பொட்டை மட்டும் நான் துடைக்கவில்லை.